வேகவைத்த கோழியைத் தவிர எதையும் தொடாத செவலை: டாக் ஃபுட்டுக்கு மாற்ற வழி சொல்லுங்கள்

செவலை வீடு, திருச்சி (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நாயின் பெயர் செவலை. நாட்டு நாய், ஆண், நாலு வயது, 18 கிலோ. குட்டியாக ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தவனை எடுத்து வந்து வளர்க்கிறோம். கருத்தடை செய்தாயிற்று, தடுப்பூசிகளும் தேதி தவறாமல் போட்டு வருகிறோம்.

இத்தனை வருஷமும் அம்மா கைச் சாப்பாடுதான். தினம் கால் கிலோ எலும்பில்லாத கோழி, முக்கால் டம்ளர் அரிசி, இரண்டையும் குழைய வேகவைத்து இரண்டு வேளைக்கு. சாயங்காலம் ஐந்தாறு மேரி பிஸ்கட். போன மாதம் முடி மங்கி, கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் கோழியும் சோறும் போதாது, முழுச் சத்துள்ள டாக் ஃபுட்டுக்கு மாறுங்கள், இல்லையென்றால் வீட்டுச் சாப்பாட்டையே கணக்குப் போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்றார். அடுத்த மாதம் தங்கையின் பிரசவத்துக்காக அம்மா கோவை போகிறார். நான் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். அதனால் டாக் ஃபுட்தான் என்று முடிவு செய்து உலர்ந்த உருண்டைகளாக வரும் தீனி மூன்று கிலோ பை ஒன்று வாங்கினேன்.

முதல் நாள் தட்டு நிறைய அதையே வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். இரவு பசியில் கொஞ்சம் விழுங்கினான், விடிவதற்குள் மூன்று முறை பேதி. அடுத்து கோழியோடு கலந்து வைத்தேன். ஒவ்வொரு உருண்டையாக வாயில் எடுக்கிறான், தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு கடி கடிக்கிறான், பிறகு அதைத் தட்டுக்கு வெளியே தரையில் வைத்துவிடுகிறான். கோழிச்சாற்றை மட்டும் நக்கியிருப்பான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், தரையில் 31 உருண்டை கிடந்தது. கோழித்துண்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

வெள்ளி இரவிலிருந்து வேறு எதுவும் கொடுக்காமல் பார்த்தேன். தண்ணீர் மட்டும் குடித்தான். இன்று காலை அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து ஊட்டிவிட்டார். சில நாள் எங்கள் குழம்பிலிருந்து கறியை எடுத்துக் கழுவியும் போடுவார். இவனை எப்படித்தான் மாற்றுவது? அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

சேலத்து அண்ணன் (ஞாயிறு இரவு)

தங்கச்சி, கவலைப்படாதே. பேதிக்குக் காரணம் ஒரே நாளில் மாற்றியதுதான். நாலு வருஷம் ஒரே சாப்பாட்டுக்குப் பழகிய குடல், அதில் இருக்கும் நுண்ணுயிர்களும் அதற்கே பழகியவை. திடீரென்று வேறொன்று வந்தால் குடல் கலங்கும். ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் புதியது கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். சீக்கிரம் பழகாத நாய்க்கு மூன்று வாரம் ஆனாலும் தப்பில்லை.

பொறுக்கித் தின்னும் நாய்க்கு என் வீட்டில் பலித்த வழி மிக்ஸி. உருண்டையை ரவை பதத்துக்குப் பொடித்து, கோழியை நாராக உதிர்த்து, வெதுவெதுப்பான கோழித் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் எது கோழி எது தீனி என்று பிரிக்க முடியாது. உப்பு, வெங்காயம், பூண்டு போடாத தண்ணீராக இருக்கட்டும். சூடு முக்கியம். நாய் முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. ஆறிய உணவில் வாசனை எழும்பாது, கை பொறுக்கும் சூட்டில் வைத்தால் எழும்பும். அவன் பழகப் பழகப் பொடியைக் கொரகொரப்பாக்கு, கடைசியில் முழு உருண்டையை ஊறவைத்துக் கொடு.

தட்டை இருபது நிமிஷம் வை. சாப்பிடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடு, அடுத்த வேளைக்கு வை. நடுவில் பிஸ்கட் போனால் எல்லாம் பாழ். அடம் பிடித்தால் பிஸ்கட் வரும் என்று இப்போதே கற்றுக்கொண்டிருப்பான்.

ராஜபாளையம் வளர்ப்பவர் (திங்கள் காலை)

முப்பது வருஷமாக நாய் வளர்க்கிறேன். பசித்தால் புல்லையும் தின்னும். மூன்று நாள் விடுங்கள், நாலாம் நாள் தட்டை நக்கிக் காலி செய்யும். செல்லம் கொடுத்துக் கெடுப்பது நாம்தான்.

கால்நடை மருத்துவர், ஈரோடு (திங்கள் காலை)

மேலே சொன்ன ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் மூன்று நாள் பட்டினி வேண்டாம். நன்றாக இருக்கும் நாய் ஒரு வேளை, இரண்டு வேளை மறுக்கலாம். 24 மணி நேரம் தாண்டியும் சாப்பிடாவிட்டால் அதை அடம் என்று வைத்துக்கொள்ளாமல் உடம்பைப் பார்ப்பதுதான் சரி. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், அதன் முதல் அறிகுறியே பல நேரம் சாப்பாட்டை மறுப்பதுதான். ஈறு வெளுத்திருக்கிறதா, உடம்பு சுடுகிறதா (நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு), வாந்தி, சோர்வு உண்டா, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறானா என்று பாருங்கள்.

திருச்சி சகோதரிக்கு: நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. பிடிக்காத நாய் உருண்டையை ஒதுக்கும், மூக்கால் தள்ளும், திரும்பிப் படுத்துக்கொள்ளும். செவலை அதை எடுக்கிறான், தலையைச் சாய்த்துக் கடிக்கிறான், பிறகு கீழே வைக்கிறான். நனைத்த பிஸ்கட்டைத் தின்கிறான், குழைந்த சோற்றைத் தின்கிறான். தின்ன ஆசைப்பட்டு முடியாமல் போகும் நாயும் இப்படித்தான் செய்யும். மேல் உதட்டை ஓரத்தில் மெதுவாகத் தூக்கிப் பார்க்க முடியுமா? நாய்க்கு 42 பல். மேல்வரிசையில் கண்ணுக்கு நேர் கீழே, கன்னப் பக்கம், எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்று இருக்கும். கடினமான எலும்பைக் கடிக்கும்போது அதிகம் உடைவது அந்தப் பல்தான். இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் உறுமினால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

இன்னொன்று, குழம்புக் கறியை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, சாறு கறிக்குள் இறங்கிவிடும் என்பதால் கழுவியும் பயனில்லை. சோகை சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

செவலை வீடு, திருச்சி (திங்கள் இரவு)

டாக்டர் சார், கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன். அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார், நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடப்பக்கப் பல் நன்றாக, வெள்ளையாக இருக்கிறது. வலப்பக்கம் அந்தப் பெரிய பல்லின் வெளிப்புறம் ஒரு சில்லு பெயர்ந்து போயிருக்கிறது. உடைந்த இடத்தின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி. அந்தப் பக்கத்துப் பல்லெல்லாம் மஞ்சளாகக் காரை படிந்திருக்கிறது. உதட்டைத் தூக்கியபோது கத்தவில்லை, என் கையை நக்கினான்.

இரண்டு மாதம் முன்பு கறிக்கடையிலிருந்து ஆட்டு நல்லி எலும்பு வாங்கிப் போட்டோம். மதியம் முழுக்கக் கடித்துக்கொண்டிருந்தான். பல்லுக்கு நல்லது என்று நினைத்தோம். நான் அவனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லி ஒன்றரை நாள் பட்டினி போட்டிருக்கிறேன்.

கால்நடை மருத்துவர், ஈரோடு (திங்கள் இரவு)

உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். நாய் வலியை மறைக்கும். வாலாட்டும், விளையாடும், மெல்லுவதை மட்டும் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும். மெல்லாத பக்கத்தில் காரை கூடுதலாகப் படிவதும் அதனால்தான்.

அந்தப் புள்ளி பல்லின் உள்தசையாகத்தான் இருக்க வேண்டும். தசை வெளியே தெரிந்தால் கிருமி வேர் வரை இறங்கும், நாள் போனால் கண்ணுக்குக் கீழே வீங்கிச் சீழ் பிடிக்கும். நாளைக்கே கொண்டு போங்கள். பல் எக்ஸ்ரே வசதி உள்ள இடமாகப் பாருங்கள். அதுவரை குழைந்த சாப்பாடு போதும், டாக் ஃபுட் இப்போது வேண்டாம். முக்கியமாக, வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபென் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ராஜபாளையம் வளர்ப்பவர் (செவ்வாய் காலை)

அம்மா, நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னிடம் இருந்த ஒரு சிப்பிப்பாறை நாய் கடைசி வருஷம் இப்படித்தான் எடுத்து எடுத்துக் கீழே போட்டது. வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. செவலைக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

செவலை வீடு, திருச்சி (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னியுங்கள். இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று வந்தது. மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார்கள். அதற்கு மூன்று வேராம், மூன்று துண்டாக்கித்தான் எடுக்க முடிந்தது. ஈறில் தையல் போட்டு, இரண்டு வாரம் குழைந்த சாப்பாடு மட்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்த இரவு அம்மாவின் பழைய புடவை மேல் படுத்து முனகிக்கொண்டே இருந்தான். மறுநாள் மாலை தயிர்ப் பதத்தில் கரைத்த கோழிக் கஞ்சியைத் தட்டின் அடி தெரிய நக்கிவிட்டு, வந்து என் முழங்காலில் முகத்தைத் தேய்த்தான்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நாலாம் நாளிலிருந்து சேலத்து அண்ணன் சொன்ன மிக்ஸி வழி. ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதையும் டாக்டரே கணக்குப் போட்டுக் கொடுத்தார். 18 கிலோ, கருத்தடை செய்த நாய்க்குச் சுமார் 980 கிலோகலோரி. எங்கள் பையில் 100 கிராமுக்கு 360 என்று போட்டிருக்கிறது, ஆக முழுதாக மாறியபின் 270 கிராம். கால் பங்குக்கு 70 கிராம் என்று சமையல் தராசில் நிறுத்துப் பொடித்தேன், அதற்கேற்பக் கோழியையும் சோற்றையும் குறைத்தேன். முதல் நான்கு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. பாதிக்குப் போன இரண்டாம் நாள் மலம் இளகியது. திரும்பக் கால் பங்குக்கே வந்து, தோல் சீவி வேகவைத்த பரங்கிக்காய் இரண்டு ஸ்பூன் மசித்துச் சேர்த்தேன். மூன்று நாளில் இறுகிவிட்டது. அப்புறம் அவசரப்படவில்லை.

பிஸ்கட்தான் பெரிய பாடு. ஒரு மேரியில் ஏறக்குறைய 25 கிலோகலோரி, ஆறு தின்றால் 150. தீனி தவிர்த்த நொறுக்கெல்லாம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாதாம். அம்மாவிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்குக் கொடுக்க வேண்டும், அவனுக்கு வாங்க வேண்டும். அதனால் அன்றைய 270 கிராமிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, பிஸ்கட் வைத்திருந்த அதே எவர்சில்வர் டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மூடி திறக்கும் சத்தத்துக்கு ஓடி வருகிறான். தையல் ஆறும் வரை அம்மா ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். நேற்றுத்தான் முதல்முறையாக நனைக்காமல் கொடுத்தார். கறக் என்று சத்தம் கேட்டது. அடுக்களையில் இருந்த நான் வெளியே ஓடி வந்தேன். தரையில் ஒன்றும் இல்லை. மென்றுதான் தின்றிருக்கிறான்.

இப்போது முக்கால் பங்கில் இருக்கிறோம். முடி தேற இன்னும் சில வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். ஒரு சந்தேகம்: மூன்று கிலோ பையைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைக்கலாமா? அடுத்த தடவை பெட் கடையில் லூசில் நிறுத்து வாங்கினால் விலை குறைவு என்கிறார்கள், வாங்கலாமா?

சேலத்து அண்ணன் (அன்றிரவே)

படிக்கப் படிக்க மனசு நிறைந்தது தங்கச்சி. கொட்டாதே. தீனியில் இருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். நமக்குத் தெரிவதற்கு முன்னால் அவன் மூக்குக்குத் தெரிந்துவிடும், மறுபடி முகத்தைத் திருப்புவான். பையின் வாயை மடித்துக் கிளிப் போட்டு, பையோடு டப்பாவுக்குள் வை. அடுப்புப் பக்கமும் வெயில் படும் இடமும் வேண்டாம். மூன்று கிலோ உனக்குப் பதினோரு நாள்தான் வரும், அதனால் பழசாகாது. லூசில் வாங்காதே. எப்போது பிரித்த மூட்டை என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், காலாவதித் தேதியும் கையில் இருக்காது.

கால்நடை மருத்துவர், ஈரோடு (மறுநாள்)

நல்ல செய்தி. அம்மா ஊருக்குக் கிளம்பும் அதே நாளில் முழுப் பங்குக்கு மாற்றாதீர்கள். அவர் இல்லாததே அவனுக்கு ஒரு மாற்றம், இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம். அவர் போய் ஒரு வாரம் முக்காலிலேயே இருக்கட்டும். நல்லி எலும்பு இனி வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பும் கூடாது, சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

செவலை வீடு, திருச்சி

சரிங்க சார். அம்மா புதன்கிழமை கிளம்புகிறார். அந்தப் புடவையையும் எவர்சில்வர் டப்பாவையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.