மாசி வீதிப் பக்கம் இவ்வளவு உயரம் கட்டலாமா?

தெற்குமாசி: எங்கள் சந்தில் ரெண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று ரிவர்ஸ் எடுக்கணும், அங்கே போய் ஐந்தாவது மாடிக்குச் சாரம் கட்டுகிறார்கள், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தெரியும் தெற்குக் கோபுரம் இப்போது பாதிதான் தெரிகிறது. யாரிடம் போவது?

தெப்பக்குளம்: மீனாட்சி கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது அண்ணே. தகவல் உரிமைச் சட்டத்தில் அனுமதி வரைபட நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் தரணும்.

சிம்மக்கல்: தனியாகப் போகாதீர்கள். எங்கள் தெருவில் லாட்ஜ் எழும்பியபோது ஒவ்வொருத்தராகப் போய் அலைந்ததுதான் மிச்சம், அப்புறம் தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் டேப்போடு அளக்க வந்தார்கள்.

தெற்குமாசி: சரி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குத் தெருவோடு போகிறோம்.