இலைகள் செழிப்பு, கிழங்கில் கசப்பு: இது எந்தப் பூச்சியின் வேலை?

புதுக்கொடி:
அனைவருக்கும் வணக்கம். சர்க்கரைவள்ளி நட்டு மூன்று மாதம் கடந்துவிட்டது. பார் (செடி நட்ட மண்மேடு) தெரியாத அளவுக்குக் கொடி படர்ந்திருக்கிறது. கிழங்கின் பருமனைப் பார்க்கலாமென்று ஓரத்துப் பாரில் சில செடிகளைத் தோண்டினேன். மேலாக இருந்த கிழங்குகளின் தோலில் ஊசித் துளைகள். வெட்டினால் உள்ளே கருத்த சுரங்கங்கள், ஒருவித மருந்து நெடி. நன்றாகத் தெரிந்த பகுதியை வெட்டி வேகவைத்தால், அதுவும் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆழத்தில் இருந்த கிழங்குகளில் ஒன்றும் இல்லை.

இலைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து வருகிறேன். செடியின் அடியில் எறும்புகள் ஊர்வதையும் பார்த்தேன். கிழங்கைத் துளைப்பது அந்த எறும்புகளா, வேறு பூச்சியா? எதைத் தெளித்தால் மீதிப் பயிரைக் காப்பாற்றலாம்?

வரப்போரம்:
எலி கடித்ததாக இருக்கலாம். பொறி வைத்துப் பாருங்கள்.

ஏர்முனை:
எலி கடித்தால் பல் தடத்தோடு சதை குடைந்து போயிருக்கும், ஊசித் துளை வராது. புதுக்கொடி, மருந்தைப் பற்றிப் பேசும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, சுரங்கத்துக்குள் புழு இருக்கிறதா, அதற்குக் கால் இருக்கிறதா? மண்ணில் வாழும் வெண்புழுவுக்கு மூன்று சோடிக் கால்கள் உண்டு, உருவத்திலும் பெரியது. அது கிழங்கின் மேல்தோலை ஒட்டி அகலமாகச் சுரண்டித் தின்னும். கம்பிப்புழு பழுப்பு மஞ்சளில் வழவழப்பாக, கெட்டியான உடலோடு இருக்கும். அது போடும் துளைக்குள் எச்சம் அதிகம் தங்காது. கால் இல்லாத வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, சுரங்கம் முழுக்க எச்சம் என்றால் அது கூன்வண்டின் பிள்ளை.

இரண்டு, கொடியின் அடித்தண்டு தடித்து வெடித்திருக்கிறதா? நீளவாக்கில் பிளந்து பாருங்கள்.

மூன்று, அந்த எறும்புகளில் ஒன்றைப் பிடித்துக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள். தலையும் முதுகும் கருநீலம், நடுவுடலும் கால்களும் செம்மை, முன்னால் நீண்ட மூக்கு, நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர் என்றால் அது எறும்பே அல்ல. தொட்டவுடன் செத்ததுபோல் கிடக்கும், அதுவும் ஓர் அடையாளம். பகலில் அதிகம் தட்டுப்படாது, இருட்டிய பிறகு விளக்கோடு போய்ப் பாருங்கள்.

புதுக்கொடி:
ஏர்முனை ஐயா, நேற்றிரவு விளக்கோடு போனேன். நீங்கள் சொன்ன நிறமும் மூக்கும் அப்படியே இருக்கின்றன. உள்ளங்கையில் எடுத்ததும் காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. அடித்தண்டைப் பிளந்ததில் கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள் இருந்தன, ஒன்றிரண்டு கூட்டுப்புழுக்களும் கிடைத்தன. உண்மையான எறும்புகளும் அதே இடத்தில் திரிகின்றன, இதுதான் என்னைக் குழப்பியது.

ஏர்முனை:
அப்படியானால் சந்தேகமில்லை, கூன்வண்டுதான். மூக்கு வண்டு என்றும் சொல்வார்கள். சர்க்கரைவள்ளி விளையும் வெப்பநாடுகளில் இதைவிட மோசமான பூச்சி இந்தப் பயிருக்குக் கிடையாது.

இலைத் தெளிப்பு ஏன் பலிக்கவில்லை என்பதை முதலில் பார்ப்போம். இலையிலுள்ள ஓட்டைகளில் சில வண்டு கடித்தவை, சில ஆமை வண்டின் வேலையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதனால் பயிருக்குப் பெரிய நட்டமில்லை. சர்க்கரைவள்ளி இழந்த இலையைச் சீக்கிரம் மீட்டுக்கொள்ளும் கொடி. உங்கள் எதிரியின் பிள்ளைகள் தண்டுக்குள்ளும் கிழங்குக்குள்ளும் இருக்கின்றன. தாய் வண்டு தோலில் சிறு குழி பறித்து ஒரு முட்டையை வைத்து, தன் எச்சத்தாலேயே அதை மூடிவிடும். அதன் பிறகு புழுப் பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் உள்ளேயே கழியும். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம். நான்கு மாதப் பயிரில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த வண்டுக்கு ஒரு குறை உண்டு, அதற்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. வெளியே தெரியும் கிழங்கையோ, மண் வெடிப்பின் வழியாக எட்டும் கிழங்கையோதான் தொட முடியும். உங்கள் ஆழத்துக் கிழங்குகள் தப்பியதற்குக் காரணம் இதுவே. எனவே மீதிப் பயிருக்கான முதல் வேலை மருந்து அல்ல, மண்வெட்டி. கொடியைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, பாரின் வெடிப்புகளை மூடி மண் அணையுங்கள். பிறகு மண் காய்ந்து மறுபடி வெடிக்காதபடி அளவாக ஈரம் காத்து வாருங்கள். வறண்ட காலத்தில் சேதம் கூடுவதற்கு இந்த வெடிப்புகளே பெருங்காரணம்.

நியாயமாக இந்த மண் அணைப்பை நட்ட இரண்டாம் மாதத்திலேயே, கிழங்கு பருக்கத் தொடங்கும்போது செய்திருக்க வேண்டும். இப்போது செய்தாலும் புதிதாக வண்டு இறங்குவது குறையும்.

கொல்லைக்காரன்:
இவ்வளவு சுற்ற வேண்டாம் தம்பி. குருணை மருந்தைச் செடி அடியில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரே வாரத்தில் சுத்தமாகிவிடும்.

நாற்றங்கால்:
அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கும் கிழங்குப் பயிரில், நாம் தின்னப்போகும் பொருளின் மேலேயே நஞ்சைப் போடச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் கடைசியாகப் போட்ட நாளுக்கும் அறுவடைக்கும் இடையே காத்திருக்க வேண்டிய காலம் என்று ஒன்று உண்டு. அது புட்டியின் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இந்தப் பயிருக்கு அனுமதி இல்லாத மருந்தைப் போட்டால் அந்தக் கணக்கும் கிடையாது. தவிர, கிழங்குக்குள் இருக்கும் புழுவை அந்தக் குருணை எட்டிவிடும் என்று எதை நம்பிச் சொல்கிறீர்கள்?

கொல்லைக்காரன்:
நாங்கள் போட்டிருக்கிறோம், பலன் கண்டிருக்கிறோம்.

நாற்றங்கால்:
நடவின்போது போட்டீர்களா, அறுவடை நெருங்கும்போதா? இரண்டும் ஒன்றல்ல.

புதுக்கொடி:
குருணை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் சில சந்தேகங்கள். கிழங்கு இன்னும் பருக்கட்டும் என்று விடலாமா? கசந்த கிழங்கை மாட்டுக்குப் போடலாமா? இனக்கவர்ச்சிப் பொறி வாங்கி வைத்தால் மீதி வண்டுகள் ஒழியுமா?

ஏர்முனை:
பருக்கட்டும் என்று காத்திருப்பதுதான் பலரும் கிழங்கை இழக்கும் வழி. முற்றியதும் தோண்டிவிடுங்கள். மண்ணுக்குள்ளேயே சேமித்துவைத்து வேண்டும்போது எடுக்கலாம் என்பது இந்த வண்டு இல்லாத நிலத்துக்குத்தான் சரிப்படும். பாதிப்பு அதிகமுள்ள ஓரத்துப் பார்களை முதலில் எடுங்கள். எடுத்த கிழங்குகளைப் பிரித்து, ஒரு துளை இருந்தாலும் நல்லவற்றோடு சேர்க்காதீர்கள். கிடங்கிலும் வண்டு பெருகும்.

மாட்டுக்குப் போடவே போடாதீர்கள். புழு தின்னத் தொடங்கியதும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. நீங்கள் வெட்டி வேகவைத்த நல்ல பகுதியும் கசந்தது அதனால்தான், சமைத்தாலும் அது போகாது. அதோடு பூசணமும் பிடித்த கிழங்கைத் தின்றால் மாட்டின் நுரையீரல் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். வரப்பில் குவித்துவைத்தால் அடுத்த பயிருக்கு நீங்களே வண்டு வளர்க்கிறீர்கள் என்று பொருள்.

நாற்றங்கால்:
பொறியைப் பற்றி நான் சொல்கிறேன். பெண் வண்டின் வாசனையைச் செயற்கையாகச் செய்து அதில் வைத்திருப்பார்கள், வருவது ஆண் வண்டுகள் மட்டுமே. முட்டையிடும் பெண் வண்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. வயலில் வண்டு எவ்வளவு இருக்கிறது, எப்போது கூடுகிறது என்று அறிய இதைவிட நல்ல கருவி இல்லை. பயிர் தொடங்கியதிலிருந்தே வைத்தால் எண்ணிக்கையும் ஓரளவு குறையும். ஆனால் இப்போதைய நிலையில் அது மட்டும் காப்பாற்றாது. ஜப்பானின் குமே தீவில் இந்த வண்டை அடியோடு ஒழித்ததாக 2013இல் அறிவித்தார்கள். அங்கே ஆண் வண்டுகளைக் கவர்ந்து கொன்றதோடு நிற்காமல், மலடாக்கிய வண்டுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து விட்டார்கள். தனி ஒரு வயலில் நாலு பொறி வைத்து அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

வரப்போரம்:
எறும்பைக் கொல்லலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே?

ஏர்முனை:
கொல்லாதீர்கள். சிலவகை எறும்புகள் கூன்வண்டின் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தின்னும். கியூபாவில் வாழைத்தண்டுத் துண்டுகளில் அத்தகைய எறும்புகளைக் குடியேற்றி, துண்டோடு எடுத்துச்சென்று சர்க்கரைவள்ளி வயல்களில் விடுகிறார்கள்.

புதுக்கொடி:
ஓரத்துப் பார்கள் முழுவதையும் தோண்டிவிட்டேன், பாதிக்கு மேல் கழிவு. உள்பார்களில் மண் அணைத்தாயிற்று, அங்கே சேதம் குறைவாகவே தெரிகிறது. அடுத்த நடவுக்கு இதே வயலின் கொடியை வெட்டி வைத்துக்கொள்ளலாமா?

நாற்றங்கால்:
இந்த வயலின் கொடி வேண்டாம். வண்டு புது வயலுக்குப் போவது பெரும்பாலும் நாம் கொண்டுபோகும் கொடிக்குள் இருந்துதான். தொற்று இல்லாத வயலிலிருந்து, அதுவும் நுனிக்கொடியாக 25 முதல் 30 சென்டிமீட்டர் வெட்டுங்கள். முட்டைகள் பெரும்பாலும் முற்றிய அடித்தண்டில் இருக்கும், நுனியில் குறைவு. நடும் முன், பூச்சியைத் தாக்கிக் கொல்லும் பிவேரியா பூஞ்சாணக் கரைசலில் கொடியை நனைக்கலாம். இரசாயன மருந்துதான் என்றால் இந்தப் பயிருக்கு அனுமதி உள்ளதை, சீட்டில் உள்ள அளவில் பயன்படுத்துங்கள்.

இதே நிலத்தில் உடனே சர்க்கரைவள்ளி வேண்டாம், வேறு குடும்பப் பயிர் ஒன்றைப் போடுங்கள். கொடி, வேர், பொறுக்க மறந்த சிறு கிழங்கு எல்லாவற்றையும் அகற்றுங்கள். தானாக முளைத்து வருவதையும் பிடுங்குங்கள். தண்ணீர் வசதி இருந்தால் அறுவடைக்குப் பின் வயலை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் மூழ்கவைப்பது நல்ல பலன் தரும். சுற்றிலும் வள்ளைக்கீரை, அடம்புக்கொடி, நெய்வேலிக் காட்டாமணக்கு எது இருந்தாலும் பாருங்கள். எல்லாம் சர்க்கரைவள்ளியின் பேரினம், வண்டுக்கு அவை இடைக்கால வீடு.

புதுக்கொடி:
வாய்க்கால் கரை நெடுக நெய்வேலிக் காட்டாமணக்குதான் நிற்கிறது. வெட்டினால் மறுபடி துளிர்க்கிறதே?

ஏர்முனை:
துளிர்க்கும். வெட்டிய தண்டை ஈர மண்ணில் போட்டாலும் வேர்விடும். வேரோடு பெயர்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து எரியுங்கள். முழுக் கரையும் முடியாவிட்டால் வயலை ஒட்டிய பகுதியை மட்டுமாவது அடுத்த நடவுக்குள் முடித்துவிடுங்கள். இந்த வண்டு நெடுந்தூரம் பறக்கும் வகை அல்ல.