சீன மருத்துவத்தில் இதயம்தான் யோசிக்கிறதா?

கரிசல்காடு:
மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்று ஓர் அக்குபங்சர்காரரிடம் போனேன். நாக்கை நீட்டச் சொன்னார். நுனி சிவந்திருக்கிறதாம், "இதயத்துல நெருப்பு ஏறியிருக்கு" என்றார். பயந்துபோய் இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றுமில்லை. அந்தக் காலத்து ஆள் இதயம்தான் யோசிக்கிறது என்று நம்பினார், சரி. இன்றும் அதையே சொல்லிக் காசு வாங்குவது என்ன நியாயம்?

மருதாணி:
அவர் சொன்ன இதயம் இ.சி.ஜி.யில் வராது. சீனத்தில் அதன் பெயர் 'சின்'. ஏறக்குறைய நம் 'நெஞ்சு' மாதிரி. நெஞ்சு வலிக்கிறது என்றால் மார்பு, நெஞ்சறியப் பொய் சொன்னான் என்றால் மனசு. சுமார் 2000 வருடப் பழைய சீன மருத்துவ நூல் 'ஹுவாங்தி நெய்ஜிங்' உடலை ஓர் அரசவையாகவே பார்க்கிறது. சின் அரசர், நுரையீரல் மந்திரி, கல்லீரல் தளபதி. ரத்த நாளம், தூக்கம், நினைவு, நாக்கு, வியர்வை எல்லாம் அரசரின் இலாகா. மறதிக்கான சீன எழுத்தைப் பாருங்கள்: மேலே 'தொலைந்தது', கீழே 'சின்'.

கரிசல்காடு:
அழகுதான். ஆனால் அந்த அவையில் பன்னிரண்டு பேர் இருந்தும் மூளைக்கு ஒரு நாற்காலி கூடப் போடவில்லையே!

உப்புமூட்டை:
இந்தச் சண்டையைச் சீனர்களே எப்போதோ தொடங்கிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் லி ஷிஜென் என்ற மருத்துவர் மூளையை மூல உணர்வின் வீடு என்றார். அப்புறம் வாங் சிங்ரென் என்ற இன்னொரு மருத்துவர். 1797இல் குழந்தைகளுக்குக் கொள்ளைநோய் வந்தபோது, நாய்கள் இழுத்துப்போட்ட பிணங்களைப் பல நாள் காலையில் போய்ப் பார்த்தவர். நினைவு இதயத்தில் இல்லை, மூளையில் இருக்கிறது என்று 1830இல் புத்தகமே போட்டார்.

மருதாணி:
அதே புத்தகத்தில் இதயத்தில் ரத்தமே கிடையாது என்றும் எழுதினார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

உப்புமூட்டை:
தப்புதான். ஆனால் மனுஷர் நேரில் போய்ப் பார்த்துத் தப்பு செய்தார். ஏட்டைப் பார்த்துச் சொன்னவர்களை விட எனக்கு அவர் மேல்.

கரிசல்காடு:
வெறும் உருவகம் என்றால் நானும் ரசித்துவிட்டுப் போவேன். சிவப்பு இதயத்தின் நிறம், ஆகவே சிவப்பான சாதிலிங்கம் மனதை அமைதிப்படுத்தும் என்று மாத்திரையில் சேர்த்திருக்கிறார்களே! அது பாதரசத் தாது. உருவகத்தை விழுங்க முடியாது அம்மா.

மருதாணி:
சாதிலிங்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது விஷம். நான் சொல்வது ஊசியை. மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், 'ஷென்மென்' என்பார்கள். தூக்கத்துக்கு அங்கேதான் குத்துவார்கள்.

கரிசல்காடு:
அங்கேதான் குத்தினார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊசியாலா, அரைமணி நேரம் போன் இல்லாமல் மல்லாந்து கிடந்ததாலா?