புதுப்பிப்பு: ‘டூ தேர்ட்ஸ் ஆஃப்’ வந்தால் ஒருமையா, பன்மையா? விடை கிடைத்தது

பாம்பனில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஆங்கிலத்தில் பின்னம் எழுவாயாக வந்தால் வினை ஒருமையா, பன்மையா என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"பின்னத்தைப் பார்க்காதீங்க தம்பி, ‘ஆஃப்’புக்குப் பின்னால வர்ற பெயர்ச்சொல்லைப் பாருங்க" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. ‘டூ தேர்ட்ஸ்’ (மூன்றில் இரண்டு) என்ற பின்னத்தில் மேலே இரண்டு இருப்பதால் எப்போதும் பன்மைதான் என்ற யோசனை தவறு.

பலகையில் எழுதிக் காட்டினேன்: ‘டூ தேர்ட்ஸ் ஆஃப் த ஐஸ் ஹாஸ் மெல்ட்டட்.’ ‘டூ தேர்ட்ஸ் ஆஃப் த போட்ஸ் ஹாவ் ரிட்டர்ன்ட்.’ அதே பின்னம், வேறு வினை. ஒரே படகில் பாதி என்றால் ‘ஹாஃப் ஆஃப் த போட் இஸ் வெட்’. பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

நான் எதிர்பாராதது அடுத்து வந்தது. அப்பா விசைப்படகில் போகும் ஒரு பையன், "சார், மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும். ‘சிக்ஸ்டி ஒன் டேஸ்’ இஸ்-ஆ, ஆர்-ஆ?" என்றான். ‘சிக்ஸ்டி ஒன் டேஸ் இஸ் எ லாங் டைம்’ என்பதே சரி. காலம், பணம், தூரம் ஆகியவற்றை மொத்தமாக ஒரே அளவாகச் சொல்லும்போது ஒருமை. அந்த 61 நாளும் வீட்டில் எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் இந்த விதியை அவன் மறக்கமாட்டான்.

தேடி வருபவர்களுக்கு இன்னொன்று: ‘எ நம்பர் ஆஃப் போட்ஸ் ஆர்’, ஆனால் ‘த நம்பர் ஆஃப் போட்ஸ் இஸ்’. ‘ஃபிஷ்’ மட்டும் கவனம். தட்டில் இருக்கும் மீனில் பாதி என்றால் ஒருமை, வலையில் எண்ணிப் பார்த்த மீன்களில் பாதி என்றால் பன்மை.