மலாவிக்குத் தன்னார்வலராகப் போகிறேன்: அங்கே இருந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருநெல்வேலியிலிருந்து

வணக்கம். மருத்துவமனைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு ஐ.நா. தன்னார்வலராக மலாவிக்குத் தேர்வாகியிருக்கிறேன். முதலில் தலைநகர் லிலொங்வே, அப்புறம் தெற்கே ஒரு மாவட்ட மருத்துவமனை. விசா, டிக்கெட், காப்பீடு எல்லாம் அவர்களே விளக்கிவிட்டார்கள். நான் கேட்பது வேறு. ஒருவரையும் தெரியாத ஊரில், வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் முதல் சில மாதங்களை எப்படிக் கடந்தீர்கள்? மனிதர்கள், சாப்பாடு, காய்ச்சல் என்று எதுவானாலும் எழுதுங்கள். ஆப்பிரிக்கா என்றதும் அம்மா பயந்துபோயிருக்கிறார். அவருக்கும் வாசித்துக் காட்டப்போகிறேன்.

மங்கோச்சியில் இருந்த செவிலியர்

தம்பி, வாழ்த்துகள். எனக்கு ஊர் மதுரைப் பக்கம். மலாவி ஏரியின் தென்முனையில் இருக்கும் மங்கோச்சி மாவட்டத்தில், பிரசவ வார்டு செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருந்தேன்.

முதல் மாதங்களில் நீங்கள் போன வேலை பெரிதாக நடக்காது. இதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் இருக்காது. இருந்தால் இணையம் இருக்காது. இரண்டும் இருக்கிற அன்று கையெழுத்துப் போட வேண்டியவர் துக்க வீட்டுக்குப் போயிருப்பார். நான் இருந்தபோது கரண்ட் நிலைமை ரொம்ப மோசம். 2022 ஜனவரியில் அனா புயல் வெள்ளம் ஷிரே ஆற்றில் இருக்கும் கப்பிச்சிரா அணையை உடைத்துவிட, நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரேயடியாகப் போய்விட்டது. வார்டில் செல்போன் வெளிச்சத்தில் தையல் போட்டிருக்கிறோம். நல்ல சோலார் விளக்கு ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.

வேலை நடக்காத அந்த மாதங்களில்தான் மற்ற எல்லாம் நடக்கும். அதற்கு நேரம் கொடுங்கள்.

அங்கே நலம் விசாரிக்காமல் பேச்சு தொடங்காது. காலையில் "முவாட்ஸுகா ப்வாஞ்சி?" என்பார்கள், நன்றாக எழுந்தீர்களா என்று. நன்றாக எழுந்தேன், நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லி முடித்த பிறகுதான் ஃபைல் எங்கே என்று கேட்கலாம். வயதில் பெரியவர் என்றால் லேசாக முழங்கால் மடக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாகச் சேர்த்துத் தட்டுவார்கள். வார்டுக்குள் நுழைந்ததும் விறுவிறுவென்று கேஸ் ஷீட்டை எடுக்கிறவர்களை யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் அவர்களிடம் எதையும் மனம் விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரியின் பின்புறம். நோயாளியோடு வரும் சொந்தக்காரர்களை அங்கே கார்டியன் என்கிறார்கள். நோயாளிக்குச் சமைப்பது, துணி துவைப்பது, உடம்பு துடைத்துவிடுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள்தான். பின்பக்கம் மூன்று கல் வைத்த அடுப்புகள் வரிசையாக எரியும். மக்காச்சோள மாவில் ந்சிமா கிளறுகிற பாட்டிகள், துவைத்த சித்தென்ஜே துணிகளைப் புல்மேல் விரித்துக் காயவைக்கிற அத்தைகள். அந்தத் துணியைத்தான் இடுப்பில் கட்டுகிறார்கள், முதுகில் பிள்ளையைத் தூக்குகிறார்கள், பிறந்த குழந்தையைச் சுற்றுகிறார்கள். வெளிச்சம் குறைந்த பிரசவ வார்டில் மஞ்சளும் நீலமுமாக அந்தக் குழந்தைகள் வரிசையாகப் படுத்திருப்பதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அடுப்புகள் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கே பேசும் சிச்சேவா மொழி எனக்கு அரைகுறை. உதவிச் செவிலியர் ஒருவர் மொழிபெயர்ப்பார். பெண்கள் ஏன் கடைசி நேரத்தில் வந்து சேர்கிறார்கள் என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு இல்லங்கள் இருக்கின்றன. ஜாய்ஸ் பண்டா அதிபராக இருந்த 2012–14 காலத்தில் நிறையக் கட்டினார்கள். கட்டடம் இருக்கிறது. ஆனால் மாவும் விறகும் அவர்களேதான் கொண்டுவர வேண்டும், கூடவே ஒரு துணையாளும் வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதுக் கதிர் இன்னும் முற்றியிருக்காது. அந்த மாதங்களில் மாவு மூட்டையோடு யாரால் வர முடியும்? "விழிப்புணர்வு குறைவு" என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்தப் பெண்களுக்கு எல்லாம் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களைப் பார்த்ததும் கடைக்காரர் வீட்டு ஆள் என்றுதான் நினைப்பார்கள். மலாவியில் தலைமுறைகளாக வாழும் இந்திய வம்சாவளியினரில் வணிகக் குடும்பங்கள் நிறைய, பலர் குஜராத்திகள். நாட்டின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டா ஆட்சியில், 1970களில், ஆசிய வணிகர்களைக் கிராமப்புறங்களிலிருந்து பெரிய நகரங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் கிராமத்து ஜனங்களில் பலருக்கு இந்தியர் என்றால் நகரத்துக் கடையில் கல்லாவில் இருப்பவர். பேசிப் பழகிய இந்தியர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்மைப் பார்க்கிற பார்வைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வார்டு துப்புரவுப் பணியாளர் ஒருவரின் தாயார் இறந்தபோது எல்லோரும் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிக் கிளம்பினோம். ஆண்கள் வெளியே மரத்தடியில் இருக்க, பெண்கள் உள்ளே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் தயங்கி நின்றேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த சித்தென்ஜேயை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் கல்லும் சருகுமாக இருந்த பீன்ஸ் கொட்டை முறம் ஒன்று என் மடிக்கு வந்தது. புடைத்துக் கல் பொறுக்கினேன். முறத்தைத் தட்டிய விதத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். இவளுக்கும் இந்த வேலை தெரிகிறது என்கிறார்கள் என்று உதவிச் செவிலியர் காதில் சொன்னார். மறுநாளிலிருந்து வார்டில் என்னோடு பேசிய பேச்சே வேறு.

துக்கத்துக்குக் கூப்பிட்டால் போங்கள் தம்பி. கூப்பிடாவிட்டாலும் போங்கள்.

மட்டக்களப்பிலிருந்து, தண்ணீர்ப் பொறியியலாளர்

அக்கா சொன்னதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தெற்கு மலாவியில் குழாய்க் கிணறு, குளோரின் வேலையாக இருந்தேன். 2022இல் தொடங்கிய கொலரா, அந்த நாடு அதுவரை கண்டிராத அளவுக்குப் பரவி 1,700க்கும் மேற்பட்ட சனத்தைக் கொண்டுபோனது. அது அடங்குவதற்குள் 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல். புளண்டயர் நகரத்து மலைச்சரிவுகளில் மண்ணும் பாறையும் வீடுகளின் மேல் இறங்கின. பலோம்பே, முலாஞ்சே பக்கம் ஊர்கள் அடையாளம் தெரியாமல் போயின.

பாடசாலை வகுப்பறைகளில் தங்கியிருந்த குடும்பங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கப் போனோம். வாங்குகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய், மூலையில் ஒரு பானை, சன்னல் கம்பியில் பிள்ளையின் சட்டை. எனக்குக் கை ஓடவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நானும் அப்படி ஒரு வகுப்பறையில்தான் இருந்தேன், சின்னப் பிள்ளையாக.

எங்கள் முகாமுக்கு எத்தனையோ வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். படம் எடுத்தவர்கள், பொம்மை தந்தவர்கள், அழுதவர்கள். அவர்களில் ஒருவரின் முகமும் எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது ஒரு நடுவயது மனிதரை. மலசலகூடம் கட்ட வந்தவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. பின்னேரத்தில் வேலை முடிந்ததும் அம்மம்மாவோடு வாசற்படியில் இருந்து பிளேன்டீ குடிப்பார். அம்மம்மா கடலில் போன மாமாவைப் பற்றித் தமிழில் கதைப்பா. அவர் கேட்டுக்கொண்டு இருப்பார். எவ்வளவு விளங்கியதோ தெரியாது, எழும்பிப் போனதில்லை.

எனக்கு மலாவியில் வழிகாட்டியாக இருந்தது அந்த மனிதர்தான். தொட்டி பூட்டி முடிந்ததும் உடனே வாகனத்தில் ஏற மாட்டேன். யாராவது ஒரு பெரியவரின் பக்கத்தில் போய் இருப்பேன். சாரதிதான் நேரம் போகிறது என்று பொறுமை இழப்பார். அப்படி இருந்ததில் ஒரு பிரயோசனமும் வந்தது. குளோரின் தண்ணீரை ஏன் சனம் ஊற்றிவிடுகிறது என்று கேட்டால் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தனியே இருந்தபோது ஒரு கிழவர் சொன்னார்: ஒரு கிழமை மணக்கிறது, மறு கிழமை மணக்கவில்லை, எது சரியான தண்ணீர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அளவு மாறிமாறிப் போட்டுக்கொண்டிருந்தது எங்கள் ஆட்கள். அதன் பிறகு ஊரிலேயே இரண்டு பேருக்குச் சோதனைப் பெட்டியைக் கொடுத்து அளக்கப் பழக்கினோம்.

தம்பி, முதல் மாதங்கள் தனிமையாகத்தான் இருக்கும். இரவில் தவளைச் சத்தமும் காவலாளியின் றேடியோவும்தான். அந்தக் காவலாளியோடு கதைக்கப் பழகுங்கள். எனக்கு மொழி சொல்லித் தந்தவர் அவர்தான்.

புளண்டயரில் இருந்தேன்

காசு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2023 நவம்பரில் அந்த நாட்டுப் பணமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலரின் விலை ஒரே நாளில் 44 சதவீதம் ஏறியது. என்னை அனுப்பிய அமைப்பு படியை உள்ளூர்ப் பணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தது. எண்ணெய், சர்க்கரை, பஸ் கட்டணம் எல்லாம் ஏறியது, என் படி ஏறவில்லை. உங்கள் படி எந்தப் பணத்தில் கணக்கிடப்படுகிறது, விலை ஏறினால் மாற்றுவார்களா என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒன்று. என்னோடு வேலை பார்த்த மலாவிக் கணக்காளருக்கும் அதே நாளில்தான் சம்பளம் கரைந்தது. அவருக்கு வீட்டில் பிள்ளைகள், கிராமத்தில் அண்ணன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வேறு. நமக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது. அவர் எதிரில் உட்கார்ந்து விலைவாசி பற்றிப் புலம்ப எனக்கு மனம் வரவில்லை. கடன் கேட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள். முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் இல்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாளை பார்க்கலாம் என்று இழுப்பதுதான் உறவைக் கெடுக்கும்.

திருநெல்வேலியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துக்க வீட்டில் முறம் கொடுத்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டது இதுதான்: இவன் மீன், கறி தொடமாட்டான், அங்கே என்ன சாப்பிடுவான்? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?

மங்கோச்சியில் இருந்த செவிலியர்

அம்மாவுக்கு என் வணக்கம். அம்மா, சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். தெற்கு மலாவியில் துவரை விளைகிறது, அங்கே நன்டோலோ என்பார்கள். நம் நாட்டுக்கு வரும் துவரம்பருப்பில் ஒரு பங்கு அங்கே விளைந்ததுதான். ஆண்டுக்கு 50,000 டன் வரை வாங்கிக்கொள்ள 2021இல் இந்தியா அவர்களோடு ஒப்பந்தமே போட்டது. முருங்கைக்கீரை கிடைக்கும், ஷிரே பள்ளத்தாக்குப் பக்கம் நிறைய. புளியும் கிடைக்கும். தக்காளி, வெங்காயம், பூசணி இலை, வேர்க்கடலை எல்லாம் சந்தையில் குவிந்து கிடக்கும். தம்பி, பெருங்காயமும் கடுகும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் சாம்பார் வைத்த அன்று பக்கத்து வீட்டு அம்மா சுவர்மேல் எட்டிப் பார்த்து என்ன வாசனை என்று கேட்டார். ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவர் அதை ந்சிமாவோடு சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தராமல் வேர்க்கடலைப் பொடி போட்டுச் சமைத்த கீரையை நிரப்பிக் கொடுத்தார். நம் ஊர்ப் பழக்கம்தான் அங்கேயும். ந்சிமாவைக் கையால்தான் சாப்பிடுவார்கள். சாப்பிடும் முன் வீட்டுக்காரர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து விருந்தாளியின் கையில் ஊற்றுவார். கையை நீட்டுங்கள், நானே கழுவிக்கொள்கிறேன் என்று எழுந்து போகாதீர்கள்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அங்கே வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் மலேரியா, மூளையைத் தாக்கக்கூடிய வகை. காய்ச்சல் தலைகாட்டிய அன்றே இரத்தச் சோதனை. நாளைக்குப் பார்க்கலாம் என்று பாராசிட்டமால் போட்டுப் படுக்கக் கூடாது. தடுப்பு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். கொசுவலைக்குள் தினமும் படுங்கள், வெயில் காலத்திலும். மங்கோச்சி வெயிலில் வலைக்குள் மூச்சு முட்டும், இருந்தாலும் படுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் மலாவியில் இருந்தேன் என்று முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் நத்தைகள் வழியாக வரும் பில்ஹார்சியா கிருமி அதில் உண்டு. இறங்கினால் பிறகு சோதித்து மாத்திரை போட வேண்டும்.

எத்தியோப்பியா அல்லது கென்யா வழியாகப் பறப்பதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசியை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டால்தான் அந்த அட்டை செல்லும். 2016க்குப் பிறகு ஒரு தடவை போட்டாலே ஆயுளுக்கும் போதும்.

யார் பார்ப்பார்கள் என்று அம்மா கேட்டார் அல்லவா? எனக்கு மலேரியா வந்தபோது அந்தத் துப்புரவுப் பணியாளர்தான் என் கார்டியனாகப் பின்னால் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். எந்த மாவட்டம் என்று உறுதியானதும் எழுதுங்கள் தம்பி. மங்கோச்சியோ மச்சிங்காவோ என்றால் அங்கே இருக்கும் செவிலியர்களிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.