ரங்கூன் சாப்பாட்டுக் கடைகளில் பார்சல் பிளாஸ்டிக்கைக் குறைக்க எங்கிருந்து தொடங்கலாம்?

தாம்வே இளையோர்:
எங்கள் தெருவில் 6 கடைகள்: டீக்கடை மூன்று, இட்லி தோசைக் கடை இரண்டு, பிரியாணிக் கடை ஒன்று. ஒரு பார்சலுக்குச் சாம்பார், சட்னி, டீ, வெளிப்பை என்று நாலைந்து பை போகிறது. மழை பிடித்தால் இவைதான் சாக்கடையை அடைக்கின்றன. கடைக்காரர்கள் சம்மதிக்கிறார்கள், ஆனால் செலவு கூடக்கூடாது என்கிறார்கள். மக்கும் பை வாங்கிக் கொடுக்கலாமா?

சமையல்கட்டு:
வேண்டாம் தம்பி, அதில் காசைப் போடாதீர்கள். மக்கும் என்று சொல்லி விற்கும் ஆக்ஸோ வகைப் பை, சீக்கிரம் உடைய மருந்து கலந்த பிளாஸ்டிக்; வெயிலில் துகளாக உடையும், அவ்வளவுதான். சோள மாவு போன்றவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் கப் 60 டிகிரிச் சூட்டிலேயே தளர்ந்துவிடும்; டீ ஊற்றினால் கையிலேயே வளையும். அது மக்குவதற்கும் ஏறக்குறைய அதே சூட்டைப் பல வாரம் விடாமல் காக்கும் உரக்கூடம் வேண்டும். சாதாரணப் பேப்பர் கப்பின் உள்பக்கத்திலும் பாலித்தீன் பூச்சுதான் இருக்கிறது.

பிரியாணிக் கடையில் தெர்மோகோல் டப்பா இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். சூடும் எண்ணெயும் சேரும்போது அதிலுள்ள ஸ்டைரீன் என்ற ரசாயனம் சோற்றில் இறங்கும். வாழையிலையே போதும். தண்டைச் சீவிவிட்டு, தணலில் இலையின் நிறம் மாறும்வரை வாட்டினால் மடிக்கையில் கிழியாது. இலை உள்ளே, தாள் வெளியே. அச்சுத்தாள் சோற்றில் நேராகப் படக்கூடாது, மை ஊறும். வடை, சமோசாவுக்கு, இங்கே பொதி கட்டும் ‘இன்’ மரத்தின் அகன்ற இலை நன்றாக இருக்கும்.

பசுந்தாங் அக்கா:
இலையால் தீராதது சாம்பாரும் டீயும். அதற்கு மூடிபோட்ட தூக்குப் பாத்திரம்தான் வழி, கடையே முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். முன்பணம் தூக்கின் முழு விலையாக இருக்கட்டும். குறைத்தால் தூக்கு வீட்டுப் பாத்திரமாகிவிடும். அடியில் கடைப் பெயரும் எண்ணும் வெட்டுங்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போவதால், வாங்கிய தொகையை அட்டையில் எழுதி, அதே தொகையைத் திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தகராறு வரும்.

எத்தனை வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாளுக்கு 30 பார்சல், தூக்கு திரும்ப 3 நாள் என்றால் 90 எப்போதும் வெளியே நிற்கும். கழுவவும் காயவும் இன்னும் 30. ஆக 120. ஒரே கடையால் முடியாது. 6 கடைக்கும் ஒரே அளவு, ஒரே மூடி என்று வாங்கி, எந்தக் கடையிலும் திருப்பித் தரலாம் என்று வைத்தால் தூக்கு சீக்கிரம் திரும்பும்.

சாம்பாரை முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். இங்கே டெலிவரி சைக்கிளில் போகிறது, குலுக்கலில் மூடி கக்கும். பக்கத்தில் கிளிப் உள்ள மூடியாகப் பார்த்து வாங்குங்கள்.

தாம்வே இளையோர்:
நன்றி அக்கா. கரண்ட் இல்லாத நேரம் பம்ப் ஓடாதே, கழுவுவது எப்படி?

சமையல்கட்டு:
கரண்ட் இருக்கும்போதே டிரம்மில் பிடித்து வையுங்கள். மூன்று தொட்டி போதும். முதலில் எச்சிலை வழித்துவிட்டு, சோப்புப் போட்ட வெந்நீர், அடுத்து நல்ல தண்ணீர், கடைசியில் பிளீச். 5 சதவீத பிளீச் என்றால் 10 லிட்டருக்கு 20 மில்லி, 2 நிமிடம். எண்ணெயும் பருக்கையும் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும், கிருமி சாகாது. அதனால் முதல் தொட்டியில் அவசரப்படக் கூடாது. ராத்திரி முழுக்க ஊறவைத்தால் எவர்சில்வரில் பொட்டுப் பொட்டாக அரிக்கும். துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்துக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் மூடியைத் தனியாக வையுங்கள், போட்டு மூடினால் வாடை பிடிக்கும்.

மாடிவீடு:
ஒன்று விட்டுப்போயிற்று. டவுனில் மாடியிலிருந்து கயிறு தொங்கவிட்டு வாங்குகிற வீடுகள் ஏராளம். கயிற்று நுனியில் கிளிப்புக்குப் பதிலாகச் சின்னக் கூடையைக் கட்டச் சொல்லுங்கள். காலி தூக்கு இறங்கும், நிறைந்தது ஏறும். அந்த வீடுகளுக்கு வெளிப்பையே தேவைப்படாது.

பசுந்தாங் அக்கா:
கல்லாவில் இருப்பவர் பையை எடுக்கும் முன் "பாத்திரம் இருக்கா?" என்று கேட்கப் பழக்குங்கள். பைக்கட்டை மேசைக்கு அடியில் வைத்தால் கை தானாக அதற்குப் போகாது. டீக்கடைகளில் முதலில் தொடங்குங்கள். பிளாஸ்க் கொண்டுவருபவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள்.