புதுப்பிப்பு: ஹோஸ்டிங் மதிப்புரைகளை நம்பலாமா?

கடையின் இணையதளத்துக்கு ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் இயங்க வைக்கும் வாடகைச் சேவை) தேடியபோது, ஒரு நிறுவனத்துக்குக் குவிந்திருந்த ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை நம்பலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். நம்பாமல் விட்டதே நல்லதாயிற்று.

மதிப்புரைகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, பல மாதங்கள் வெறிச்சோடிக் கிடந்த பக்கத்தில் மூன்றே நாட்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை வந்திருந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோரின் கணக்கில் அந்த ஒன்றைத் தவிர வேறு மதிப்புரையே இல்லை. "வாடிக்கையாளர் சேவை அருமை" என்ற பாராட்டு திரும்பத் திரும்ப வந்ததே தவிர, இரண்டாம் ஆண்டில் புதுப்பித்தல் கட்டணம் எவ்வளவு ஏறியது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உண்மையில் பணம் கட்டியவர் அதைப் பற்றி முணுமுணுக்காமல் இருப்பாரா?

"சிறந்த பத்து" பட்டியல்களின் கதை வேறு. அவற்றிலுள்ள இணைப்பைச் சொடுக்கியதும் முகவரியின் வாலில் ஒரு பரிந்துரைக் குறியீடு ஒட்டிக்கொண்டது. நான் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகும் என்பதே அதன் பொருள். அதனாலேயே அவர் எழுதியது பொய்யாகிவிடாது என்றாலும், முதலிடம் தகுதிக்குக் கிடைத்ததா, கமிஷனுக்குக் கிடைத்ததா என்பதை வாசகரால் பிரித்தறிய முடியாது.

போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் 2022இல் வெளியான ஐஎஸ் 19000 என்ற, இணைய மதிப்புரைகளுக்கான தரநிலையோ விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதாகவே அறிமுகமானது.

இறுதியில் வேறொரு நிறுவனத்திடம், காப்புப்பிரதியை மீட்பது எப்படி என்று இரவு பதினொரு மணிக்குக் கேட்டுத் தெளிவான பதில் வந்த பிறகு, ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறேன்.